பெட்டிக்கு முறை மாற்ற வந்தவன்

இரவு ஒரு மணி இருக்கும். தொழிற்சாலைகளின் பின்பக்கமாகப் போகிற ஒரு சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே சுவர். ஒரு கடை கிடையாது, வீடு கிடையாது. விளக்குக் கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. கடைசிப் பேருந்து முனையில் ஒரே ஒரு ஆளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவர் தனியாக நடந்து வருகிறார். சரக்... சரக்... செருப்பைத் தூக்கி வைக்கத் தெம்பில்லாமல் தேய்த்துக்கொண்டே வருகிறார்.

எதிரே சைக்கிளில் ஒருவன். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். கிட்டே வந்ததும் பாட்டு நின்றது. சைக்கிள் போய்ச் சுவரில் மோதியது. அதை அங்கேயே போட்டுவிட்டு வந்த வழியே ஓடினான் பாருங்கள்... திரும்பியே பார்க்கவில்லை.

நடந்து வந்தவருக்கு முகம் முழுக்க வெள்ளை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. வாயோரத்தில் சிவப்பாக ஏதோ ஒழுகிக் காய்ந்திருந்தது.

பேய்க் கதை கேட்டீர்கள், எடுத்த எடுப்பிலேயே பேய் வந்துவிட்டதே என்று முழிக்காதீர்கள். அது பேய் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மனிதர். நம்மைப் போல ஒரு ஆள். லாரி வருகிறது, வருகிறது என்று சாயங்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. விழித்திருக்க ஏதாவது சொல்லுங்கள் அண்ணே என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தது நீங்கள்தான். அதனால் நடுவில் எழுந்து போகக் கூடாது. நோஞ்சான், அந்த எமர்ஜென்சி விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி வை. கண்ணைக் குத்துகிறது.

நம் பகல் முறை வேலையில் கிரேன் ஓட்டுகிறானே, அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. அவனுக்கு மச்சான். இன்று ஒரு இரவுக்கு நமக்கும் மச்சான்தான், போங்கள். கிரேன்காரன் கதை கட்டுகிற ஆள் இல்லை. பொய் சொல்லக்கூட ஒரு தெம்பு வேண்டும், அது அவனிடம் கிடையாது.

மச்சானுக்குப் பகலில் சலவை ஆலையில் வேலை. ஆஸ்பத்திரிப் போர்வைகளை மிஷினில் போட்டு எடுப்பது. அது முடிந்த கையோடு பேருந்து பிடித்து நகரத்து நடுவில் இருக்கிற ஒரு ஓட்டலுக்கு ஓடுவார். சாதாரண ஓட்டல் இல்லை, பேய் ஓட்டல். ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. படி இறங்கும்போதே சிவப்பு விளக்கு, புகை, எங்கேயோ ஒரு பெண் அழுகிற சத்தம். மேசைக்கு மேசை மண்டை ஓடு, அதற்குள்ளே மெழுகுவத்தி. சூப்பு வருவதும் மண்டை ஓட்டுக் கிண்ணத்தில்தான். பரிமாறுகிறவர்கள் எல்லாரும் பிணம். வெள்ளைப் பூச்சு, கிழிந்த சட்டை, பேசவே மாட்டார்கள். சாப்பிட வந்தவன் என்ன கேட்டாலும் தலையை மட்டும் மெல்லச் சாய்ப்பார்கள். வாய் திறந்தால் மேனேஜர் கத்துவார்.

இதற்குக் காசு கொடுத்து, வரிசையில் நின்று, குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிறார்கள். பயப்படுவதற்கு நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வீட்டு வாடகை கொடுக்கிற தேதியை நினைத்தாலே போதும்.

அங்கே நடுக்கூடத்தில் ஒரு மேடை, மேடை மேல் ஒரு சவப்பெட்டி. பெட்டியைச் சுற்றி மேசைகள். திடீரென்று விளக்கெல்லாம் அணையும். கிர்ர்ரென்று மூடி திறக்கும். உள்ளே இருக்கிற பிணம் விறைப்பாக எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மேசையாகப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் வீரிடும், பெரியவர்கள் கை தட்டுவார்கள். பிறகு ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தொட்டுச் சாப்பிட ஆரம்பிப்பார்கள். மச்சானுக்கு அந்தப் பெட்டி வேலைதான். அது அவர் கெஞ்சிக் கேட்டு வாங்கியது. ஓட்டல் முழுக்கத் தேடினாலும் படுத்துக்கொண்டே செய்கிற வேலை அது ஒன்றுதானே.

வேலை முடிந்ததும் முகம் கழுவ ஒரே ஒரு குழாய். அத்தனை பிணமும் அதன் முன்னால் வரிசையில் நிற்கும். வரிசையில் நின்றால் கடைசிப் பேருந்து போய்விடும். அதனால்தான் மச்சான் பூச்சோடு வீட்டுக்குப் போவார். தட்டுவார். அக்கா அரைக்கண்ணோடு வந்து கதவைத் திறந்துவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துவிடுவாள். அவளும் விடியற்காலையில் ஒரு விடுதிச் சமையலறைக்கு வேலைக்கு ஓட வேண்டியவள். முதல் நாள் அந்த முகத்தைப் பார்த்து அலறினாளாம். அப்புறம் பழகிவிட்டது. வெள்ளை முகம் வந்து தட்டினால் வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரே பெண். வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பு. மச்சான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். விடுமுறை நாளில்தான் ஓட்டலில் கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும், அன்றைக்கும் வீடு தங்க முடியாது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அப்பாவை வரையச் சொன்னார்களாம். வாண்டு ஒரு முதுகை வரைந்துவிட்டு வந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற முதுகு. அக்கா அதைக் காட்டிச் சிரித்தாள். மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு வேறு ஆசையே கிடையாது. அந்தப் பிள்ளை முழித்திருக்கிற நேரத்தில் ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டும். அதை மேனேஜரிடம் கேட்கவும் வழியில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் மச்சான் பெட்டிக்குள் குறட்டை விட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடி திறக்கக் காத்திருக்கிறார்கள்... உள்ளேயிருந்து கொர்ர்... கொர்ர்... சாப்பிட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது முறை மாற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி இருக்கிற மேடை உள்ளே வெறும் கூடு. பின்பக்கச் சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து போனால் பெட்டிக்கு நேர் கீழே போய்விடலாம். பெட்டியின் அடிப்பலகை நகரும். உள்ளே இருக்கிறவரை மாற்ற வருகிறவன் கீழேயிருந்து இரண்டு தட்டுத் தட்டுவான். டொக்... டொக். உள்ளே இருக்கிறவர் பலகையை நகர்த்தி இறங்குவார், வந்தவன் ஏறிப் படுத்துக்கொள்வான். பேச்சே கிடையாது. மேலே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா. பூச்சு போட்ட பிறகு யார் யார் என்று வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவன் உனக்காக முறை மாற்றினால், அவன் கேட்கிற அன்று நீ அவனுக்காக மாற்ற வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. இந்த ஊரில் இருக்கிற தொழிலாளி அத்தனை பேருக்கும் வீட்டில் ஏதோ ஒன்று இருக்கும், அதைக் கிண்டக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம்.

ஒரு நாள் மச்சான் போய்ப் படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முதல் தடவை மூடிகூட இன்னும் திறக்கவில்லை.

டொக்... டொக்.

அவருக்கு ஆச்சரியம். இவ்வளவு சீக்கிரமா? பலகையை நகர்த்தி இறங்கினார். இருட்டில் ஒரு ஆள் குந்திக்கொண்டிருந்தான். மேடைப் பலகை இடுக்கு வழியாகச் சிவப்பு வெளிச்சம் ஒரு கோடாக அவன் மேல் விழுந்தது. வெள்ளை முகம். அவன் வாயே திறக்கவில்லை. மோவாயால் பின்கதவைக் காட்டினான். நீ போ என்கிற மாதிரி. காட்டிவிட்டு மேலே ஏறிப் படுத்துக்கொண்டான்.

ஒரு வாடை வந்தது. நாள்பட்ட ஈரத்துணி வாடை, மூடி வைத்த அறையில் வருகிற வாடை. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். மச்சான் சலவை ஆலைக்காரர். நம் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

குழாயடியில் ஆளே இல்லை. முகத்தைத் தேய்த்துக் கழுவினார். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. எட்டரைக்கெல்லாம் வீடு. கதவைத் திறந்த அக்கா உடம்புக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டாள். வாண்டு முழித்துக்கொண்டிருந்தாள். முதலில் கிட்டே வரவில்லை, வந்த விருந்தாளியைப் பார்க்கிறதுபோலப் பார்த்தாள். அப்புறம் வந்து மடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. தன் தட்டிலிருந்து அவருக்கு ஊட்டிவிட்டாள். இரண்டாவது வாய் வாங்கும்போதே மச்சான் தூங்கிவிட்டார் என்பது வேறு விஷயம். ஆனாலும் அன்றைக்கு அவர் அழுதார் என்று கிரேன்காரன் சொல்கிறான்.

மறுநாளும் அதே டொக் டொக். அதற்கு அடுத்த நாளும். மூன்று இரவு எட்டரைக்கு வீடு. வாண்டு வாசலிலேயே காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள்.

இதற்குள் நோஞ்சானுக்குக் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. "அண்ணே, யாருன்னு அவரு கேக்கவே இல்லையா?" என்கிறான்.

கேட்டார் தம்பி. நம்மைப் போலத்தான் அவரும், கேட்க வேண்டிய நேரத்தில் தூக்கம்தான் வரும். நாலாம் நாள் பூச்சு போட உட்கார்ந்தபோது கேட்டார். அதற்கு முன்னால் மேனேஜர் வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். இந்த மூன்று நாளாகப் பெட்டி வேலை பிரமாதமாம். பிறந்த நாள் கொண்டாட வந்த ஒரு ஆள், சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று பெட்டிக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாராம். ஐஸ் மாதிரி இருந்ததாம் கை. மூச்சு விடுகிற அசைவுகூடத் தெரியவில்லையாம். கேக்கை அப்படியே வைத்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்களாம். கையில ஐஸ் வெச்சுக்கறது நல்ல யோசனை, இனிமே எப்பவும் அப்படியே பண்ணு என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

மச்சான் கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டார். நான் இல்லை, அவனாக இருக்கும் என்றார்கள். அவனும் நான் இல்லை என்றான். பூச்சு போடுகிற அம்மாவிடம் கேட்டார். ஆள் எப்படி இருந்தான் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். வெளிச்சத்தில் பார்த்தது கொஞ்சம்தான் என்றார் மச்சான். காது மடலுக்குப் பின்னால், பின்கழுத்து, கை நகம் வரைக்கும் ஒரே வெள்ளை என்று சொன்னார்.

அந்த அம்மா பஞ்சைக் கீழே வைத்தார்.

"காதுக்குப் பின்னாடி நான் யாருக்கும் பூசறதில்லப்பா. பூச்சு வீணு."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மச்சானும் எழுந்து போய்விட்டார். உங்களுக்கும் எனக்கும் இங்கே உட்கார்ந்துகொண்டு, ஐயோ போகாதே என்று சொல்லத் தோன்றும். எத்தனையோ மாதமாகத் தூங்காத உடம்பு அது. அந்த உடம்புக்குப் பேயாவது பிசாசாவது. இன்றைக்கும் எட்டரைக்கு வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. வாண்டுக்கு ஒரு கதை சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

படுத்தார். மேலே மூடி சாத்திக்கொண்டது. வெளியே ஸ்பூன் சத்தம், சிரிப்புச் சத்தம். அவர் காது மட்டும் கீழே இருந்தது.

டொக்... டொக்.

சந்தோஷமாகப் பலகையை நகர்த்தி இறங்கினார். அந்த ஆள் குந்தியிருந்தான். அதே வாடை. ஆனால் இன்றைக்கு அவன் பின்கதவைக் காட்டவில்லை. கையைத் தூக்கி மேலே காட்டினான். பெட்டியைக் காட்டினான்.

மச்சானுக்குப் புரியவில்லை. அப்போதுதான் அவன் பேசினான். ரொம்ப நாள் பேசாமல் இருந்த தொண்டை.

"இன்னிக்கு நான் வீட்டுக்குப் போறேன்."

மூன்று நாள் மாற்றிக் கொடுத்தவன் கேட்கிறான். ஏன் என்று கேட்கக் கூடாது. வாண்டு காத்திருப்பாளே என்று நினைத்தார் மச்சான். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அவனுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும், அதுவும் முழித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தார்.

"சரி, போங்க. பத்திரமா போங்க" என்றார்.

இவராகவே சொன்னார். அவன் பின்கதவைத் திறந்துகொண்டு போனான். சரக்... சரக்... செருப்பைத் தேய்த்துத் தேய்த்து.

மச்சான் மேலே ஏறிப் படுத்தார். பலகை சில்லென்று இருந்தது. படுத்தது ஞாபகம் இருக்கிறது, கண்ணை மூடியது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. கனவுகூட இல்லை. தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம். வாழ்க்கையில் அதற்கு முன்னால் அப்படித் தூங்கியதே கிடையாது என்று கிரேன்காரனிடம் அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ஆசை தெரிந்ததாம். கிரேன்காரனுக்கு அதுதான் பயமாக இருந்ததாம்.

விளக்குமாற்றுச் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தார். பினாயில் வாடை. பலகை எளிதாக நகர்ந்தது. தவழ்ந்து வெளியே வந்தால், தரை துடைக்கிற பெண் ஒருத்தி மட்டும். அவளுக்கு எத்தனையோ பிணம் பார்த்த கண். காலைத் தூக்குங்க, துடைக்கணும் என்றாள். இரவு முழுக்கப் பெட்டி மூடி திறக்கவே இல்லையாம். மூடியையும் அடிப்பலகையையும் நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லையாம். உள்ளே கூப்பிட்டும் பதில் இல்லை, ஆள் ஓடிவிட்டான் என்று மேனேஜர் குதித்தாராம். வேலை போச்சு என்று மச்சானுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் பேருந்தைப் பிடித்தார். பூச்சைக் கழுவவில்லை. பேருந்திலிருந்து இறங்கி, அந்தச் சுவர்களுக்கு நடுவே ஓடினார். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே ஓடினார். வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. வீட்டுக் கதவைத் தட்டினார்.

உள்ளே கொண்டி விலகுகிற சத்தம். அக்கா வேலைக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பி உள்ளே பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"நீங்க எப்ப வெளிய போனீங்க?"

மச்சான் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ராத்திரி எட்டரைக்குத் தட்டுனீங்க, நான்தான் தொறந்தேன். மூஞ்சிகூடக் கழுவாம நேரா வாண்டுகிட்டப் போய் உக்காந்தீங்க. நான் போய்ப் படுத்துட்டேன். கொண்டி போட்டது போட்டபடி இருக்கு... இப்பதான் எடுக்கறேன்."

ஒரே அறை வீடு. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரியும். ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் கம்பி. மச்சான் கட்டிலுக்கு அடியில் பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார், துணி மாட்டுகிற இடத்தில் ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தார். யாரும் இல்லை. அந்த ஈரத்துணி வாடை மட்டும் இருந்தது. அக்காவுக்கு அது தினமும் அவரிடமிருந்து வருகிற வாடை.

நடந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. பாதி ராத்திரியில் எழுந்து போனேன், நீ கவனிக்காமல் கொண்டி போட்டிருப்பாய் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். நேரமாகிவிட்டது, அவளும் கிளம்பிப் போய்விட்டாள். பேருந்து போய்விடும் என்றால் பேயையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிற ஜாதிதானே நாமெல்லாம்.

அக்காவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் நடந்தது மச்சானுக்கும் கிரேன்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும். மச்சான் அந்த ஓட்டல் பக்கமே அப்புறம் போகவில்லை. இப்போது சலவை ஆலை வேலை மட்டும்தான். தினமும் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஆனால் இரவில் படுப்பதில்லை. வாண்டு பக்கத்தில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் தானாக மூடினால் கன்னத்தில் அறைந்துகொள்கிறாராம்.

அந்தக் காலையில் அக்கா போன பிறகு, மச்சான் முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு கட்டிலுக்குப் போனார். வாண்டு படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் சிவந்து, கீழே கறுத்து, பத்து நாள் வேலை செய்தவள் போல ஓய்ந்துபோயிருந்தாள். அவர் தொட்டதும் விலகிக்கொண்டாள்.

"ராத்திரி அப்பா கதை சொன்னேனா கண்ணு?" என்று கேட்டார். குரல் நடுங்காமல் கேட்டதாகத்தான் அவர் சொல்கிறார்.

வாண்டு தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"ஒண்ணுமே சொல்லல. என் கையப் புடிச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு ரொம்பக் குளிருச்சு. நீங்களும் தூங்குங்கப்பான்னு நான் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

வாண்டு கொட்டாவி விட்டாள். அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அவர் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் இத்தனை வருஷமா தூங்கிட்டேன், எனக்குப் போதும்... இனிமே நீங்கெல்லாம் தூங்குங்கன்னு சொன்னாரு."